கொல்லைச் சுவர் டம்ளர்

மகன் முனீஸ்வரனுக்கு ஆத்தா ஏலத்தோட்டத்திலிருந்து எழுதுவது. நான் சுகம். பிள்ளைகளுக்குச் சளி விட்டதா?

எங்கள் எச்.ஐ.வி. சங்கத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டு அம்மா மலைக்கு வந்தார். என் டம்ளரை எடுத்து, வாய் வைத்தே காப்பி குடித்துவிட்டார். நான் பதறினேன். "டம்ளர்ல ஒட்டாது ஆத்தா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று சங்கத்துப் பொற்கொடி சிரித்தாள்.

அந்தப் பணம் இந்த வருஷத்தோடு சரியாம். மாத்திரை கொண்டுவரும் ஜீப்பு இனி மேலே வராது. நான் சிலமலைக்கு, உன் வீட்டுக்கே வந்து தங்கி, போடி ஆஸ்பத்திரியில்தான் வாங்க வேண்டும்.

உன் பெண்டாட்டி என் டம்ளரைக் கொல்லைச் சுவரில் கவிழ்த்து வைத்ததை நான் மறக்கவில்லை. இந்தத் தடவை எங்கே வைப்பாள் என்று கேட்டு வெரசா எழுது.

லோடு ஜீப்பு கிளம்புகிறது, கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். பதில் வந்த பிறகுதான் மூட்டை கட்டுவேன்.

ஆத்தா ஒச்சம்மாள்