எண்ணெய் படாத குட்டை

மாமா, இதில் நான் எதையும் கூட்டமாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். என்னைப் பற்றி நன்றாக இல்லாததையும் எழுதுவேன்.

இன்று காலை எங்கள் மலாக்கா பள்ளி விடுதிக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையில் ஒருவர் கொசு எண்ணெய் அடித்துக்கொண்டு போனார். மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்கள். நான் மறுபடியும் திறந்தேன். அது உங்கள் சட்டையின் வாசனை. அம்மா எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாது. "பொண்ணு பார்க்கப் போனா, நீ போறதுக்கு முன்னாலயே உன் நாத்தம் போயிரும்டா" என்று அம்மா கேலி செய்வாள். "கொசு இல்லாத வீடு வேணும்கிறவ என்னைக் கட்டிக்கட்டும் அக்கா" என்பீர்கள்.

சனிக்கிழமை தவறாமல் நீங்கள் சுற்றிய அந்த வட்டத்தை என்னால் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியும். எஸ்டேட் ஸ்டோரில் எண்ணெய் நிரப்பிய தகரத்தை முதுகில் மாட்டிக்கொள்வீர்கள். நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் வருவேன். ரப்பர் நிரைகள் முடிந்ததும் காடு. அங்கே மூங்கில் ஒன்றோடு ஒன்று உரசி முனகும். உங்கள் காலில் ஏறிய அட்டைகளை நான் எண்ணுவேன். ஓடை எங்கெல்லாம் தேங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் பம்பு சீறும். தண்ணீர்மேல் ஊதாவும் பச்சையுமாக ஒரு தோல் படரும். ஓடையோடு இறங்கினால் ஆறு. கரையில் தூண்டில் போட்டிருக்கும் மலாய்க்காரத் தாத்தா, சாப்பிட்டாச்சா என்பதை "சுடா மாக்கான்?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்பதை நீங்கள் "பெலும், பெலும்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவீர்கள். அவர் ரம்புத்தான் பழக் கொத்தை நீட்டுவார். பிறகு தென்னைமரப் பாலம், பள்ளம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் கீழ் லயம், வீடு.

"சாமி தேருல சுத்துது, நான் சாக்கடையச் சுத்துறேன். ரெண்டு பேருக்கும் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்ல. எனக்குக் கொசுக் கூட்டம்" என்று சொல்லி நீங்களே சிரிப்பீர்கள்.

கீழ் லயத்துக்குப் பின்னால் இருந்த குட்டைதான் வட்டத்தின் கடைசி இடம். அதில் தலைப்பிரட்டைகளை முதலில் பார்த்தது நான். அவற்றுக்குக் கால் முளைப்பதை நாள்தோறும் பார்த்து எழுதி, பள்ளியில் வாசிக்க ஆசைப்பட்டேன்.

"மாமா, இதுல மட்டும் அடிக்காதீங்க."

"ஏ வாத்தியாரம்மா, ஆஸ்பத்திரி டிரஸர் பார்த்தா என் தோலை உரிச்சிருவாரு."

"அவரு இந்தப் பக்கம் எங்க வாராரு?"

ஆமாம் மாமா, அப்படித்தான் சொன்னேன். "சரி, ஒரே வாரம்" என்றீர்கள். அடுத்த வாரமும் கெஞ்சினேன். மூன்றாவது வாரம் நான் வாய் திறக்கும் முன்பே பம்பை மூடிவிட்டு, "போய்ப் பாரு, பின்னங்கால் வந்திருச்சான்னு" என்றீர்கள். வந்திருந்தது. அன்று என்னைவிட உங்களுக்குத்தான் சந்தோஷம்.

பிறகு கீழ் லயத்தில் வீட்டுக்கு ஒருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டால் பதில் வரவில்லை. அந்த வாரமே நீங்களும் படுத்தீர்கள். நான் வீட்டு வாசலில் நிற்கும்போது, டிரஸர் ஒரு வெள்ளை மங்குக் கிண்ணத்தில் குட்டைத் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தார். எட்டிப் பார்த்தேன். நான்கு காலும் முளைத்த ஒரு குட்டித் தவளை! அதைப் பார்த்துத்தான் நான் முதலில் சந்தோஷப்பட்டேன். அதைச் சுற்றி நெளிந்த கொசுப் புழுக்கள் அப்புறம்தான் என் கண்ணில் பட்டன.

டிரஸர் மங்கை உங்கள் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏன்டா அங்க எண்ணெய் அடிக்கல?"

"மறந்துட்டேன் ஐயா."

"ஒரு வாரத்துல வந்த புழுவா இது? எத்தனை வாரம் மறந்த?"

"சோம்பேறித்தனம்தான் ஐயா. கடைசி இடம், காலு வலிக்குதுன்னு விட்டுட்டேன்."

கஞ்சிக் கிண்ணத்தோடு நான் அங்கேயே நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். நான் சொல்லியிருக்கமாட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

கொய்னா மருந்து கொடுத்தும் உங்களுக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அம்மா, "என் தம்பி தங்கம். ஆனா சோம்பேறித்தனம் அவனையும் கொன்னு, ஊரையும் படுக்கப் போட்டுருச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

போன விடுமுறையில் அந்த வட்டத்தைத் தனியாக நடந்தேன். மலாய்க்காரத் தாத்தா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பழம் மட்டும் கொடுத்தார். குட்டையருகே புதிதாக வந்த எண்ணெய்க்காரர் பம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"தள்ளி நில்லு பாப்பா. முன்னால இருந்தவன் ஒரு சோம்பேறிப் பய. இந்தக் குட்டைய விட்டுட்டுச் செத்தே போயிட்டான்."

"அவரு என் மாமா. சோம்பேறி இல்ல. நான்தான் அடிக்க வேணாம்னு சொன்னேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "நீயா? மாமன் மேல அவ்வளவு பாசமா? பொடிப் பொண்ணு சொன்னான்னு எவனாச்சும் வேலைய விடுவானா?"

அவரிடம் சொல்ல வாய் வந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்ல வரவில்லை. அன்றும் அவள் உங்கள் பேரைச் சொல்லி, அந்த ஒரு சொல்லையும் சேர்த்தே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே சோறு தின்றேன்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்ப வழியில்லை. அம்மாவுக்குத் தபாலில் போடலாம். ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காதான் வாசித்துக் காட்டுவாள். அதற்கு அந்த அக்காவின் குரல் வேண்டாம். சனிக்கிழமை விடுதியில் அனுமதி கேட்டு பஸ் ஏறி வருகிறேன். அம்மா எதிரில் உட்கார்ந்து நானே முதல் வரியிலிருந்து வாசிக்கப் போகிறேன். அவள் என்னை அடிக்கலாம். பேசாமலேகூட இருந்துவிடலாம். உங்களைப் பற்றி அவள் சொல்லும் அந்தச் சொல்லை மட்டும் இனிமேல்

விடுதி விளக்கை அணைத்துவிட்டார்கள்.