ஐந்து பொட்டலம், ஒரு கூலி

வெள்ளவத்தை

அன்புள்ள புனிதவதிக்கு,

நான் சுகம். ரியூசன் வகுப்புகளும் ஒழுங்காக நடக்கின்றன. உமது முழங்கால் வலி குறைந்ததா?

"இருநூறு ரூபா வடகத்துக்கு நானூறு ரூபா கூரியர் காசு குடுத்து எந்த விசரன் வாங்குவான்?" என்று, நீர் போடும் வடகத்தை விற்றுத் தருகிறேன் எனச் சொல்லி நான் கொழும்புக்குப் பஸ் ஏறும்போது கேட்டீர். நான் கெட்டிக்காரன்போலக் கூரியர் கூலியை விலைக்குள் ஒளித்தேன். பொட்டலம் அறுநூறு, அனுப்புவது இலவசம் என்று பேஸ்புக்கில் போட்டேன். விற்றது.

போன கிழமை கொட்டாஞ்சேனையில் றஞ்சிதம் என்பவர் ஐந்து வாங்கினார், நீர் ஊரிலிருந்து அனுப்பினீர். மூவாயிரம் எடுத்தேன். மறுநாள் போன் வந்தது.

"மாஸ்டர், அஞ்சும் ஒரே பையிலதானே வந்தது? பிறகேன் அஞ்சு தரம் கூலி எடுத்தனீங்கள்? பேஸ்புக்கில எழுதட்டோ?"

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன் அப்போதுதான் கணக்குப் போட்டேன்: வடகம் ஆயிரம், கூலி ஒரு நானூறு. பஸ் பிடித்துப் போய் ஆயிரத்து அறுநூறைத் திருப்பிக் கொடுத்தேன். தேத்தண்ணி தந்தார். எழுதமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. பொட்டலத்தில் இருப்பது உமது பெயர். அந்தப் பெயரைக் கள்ளி என்று ஊரறிய எழுதிவிடுவாரோ என்று, போன் அடித்தால் இப்போது எடுப்பதேயில்லை. நீர் பயப்பட வேண்டாம், சும்மா சொன்னேன்.

இனி வடகம் இருநூறு, கூலி தனி. ஒரு கிலோ வரை ஒரே கூலிதான். சேர்த்து வாங்குவோருக்கு அதுவே லாபம்.

என் பழைய போர்வையை அனுப்பும். இங்கே நித்திரை வருவதில்லை. தபாலுக்கு நேரமாகிறது.

அன்புடன்,
இராசநாயகம்

பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி, ஒரு கிலோவுக்குள் எத்தனை அடங்குகிறது என்று எண்ணிப் பாரும். விடையைப் போனில் சொல்லாமல் எழுதி அனுப்பும்.