என் நோட்டில் உன் கையெழுத்து

மேசைமேல் என் பழைய பௌதிகச் செய்முறை நோட்டு கிடக்கிறது. அட்டையில் என் பெயர். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் உன் கையெழுத்து, மணி மணியாக. அலமாரியிலிருந்து இதை இழுத்துப் போட்டதற்கு ஆத்திரம்தான் காரணம். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது, தெரியும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இன்று நம் ஊர்க் காஜா பேராங் கோயில் மண்டபத்தில் கல்விக்குழுக் கூட்டம். பெண்பிள்ளைகள் பௌதிகம் பக்கமே வருவதில்லை, தேடிப் போய் அழைக்க வேண்டும், சனிக்கிழமை தோறும் அவர்களுக்குத் தனிச் செய்முறை வகுப்பு வைக்க வேண்டும் என்று ஓர் இளம் ஆசிரியை கேட்டிருந்தாள். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “எதுக்குலா இவங்களுக்கு மட்டும் தனியா? யாரு வேணாம்னு சொன்னா? கதவு தொறந்துதானே கெடக்கு!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உனக்கும்தான் கதவு திறந்திருந்தது. நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறு வருஷம், பெண்கள் பள்ளியில் பௌதிகமே கிடையாது என்பதால் எங்கள் ஆண்கள் பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்துக்கு வந்தாய். கம்போங் செட்டிக் குடியிருப்பைத் தாண்டி வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிள் மிதித்து வருவாய். இருபது பையன்கள், நீ ஒருத்தி. மாஸ்டர் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவாய். சிங்கப்பூருக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கப் போவதாக எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாய்.

செய்முறை மேசைக்கு மூன்று பேர். நம் மேசையில் நீ, நான், இன்னொரு பையன். முதல் நாளே ஸ்டாப்வாட்சை எடுக்கக் கை நீட்டினாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

“நீ எழுதுலா. ஒன் கையெழுத்துதான் அழகா இருக்கு.”

நீ சிரித்தாய். “ஒன்னோடது கோழி கெளறுன மாதிரி இருக்கு. குடு.”

அவ்வளவுதான். இரண்டு வருஷம் நாங்கள் கம்பி பூட்டினோம், முள்ளைப் பார்த்து எண்ணைக் கத்தினோம், நீ எழுதினாய். எங்கள் நோட்டுகளிலும் நீயே எழுதிக் கொடுத்தாய். மாஸ்டர் உன் பக்கத்தை எட்டிப் பார்த்து, ‘வெரி நீட்’ என்று சொல்லிவிட்டுப் போவார். உன் கையில் ஒரு கம்பியைக் கொடுக்க அந்த மனிதருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சீ!

செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு மேசை. உனக்கு வந்தது பாட்டரியும் அம்மீட்டரும். எனக்கு உன் பின்மேசை. நீ கம்பியை மாற்றிப் பூட்டியதில் அம்மீட்டர் முள் எதிர்ப்பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். வெளியே வந்து மெதுவாகச் சொன்னாய்.

“அட்டவணைக்குக் கோடு போட்டேன். உள்ள ஒன்னும் எழுதல.”

“ஒனக்குத்தான் விடை தெரியுமே. ஏதாச்சும் நம்பர் போட்டிருக்கலாம்ல?”

“பாக்காத அளவ எப்படிலா எழுதறது?”

செய்முறையில் தோற்றாய். சிங்கப்பூர்க் கனவு அதோடு போயிற்று. “நான் அவள தடுக்கலியே” என்றார் மாஸ்டர். நான் உன் எழுத்தைப் படித்துத் தேறிப் பௌதிக ஆசிரியனானேன். நீ ஓய்வுபெறும் வரை ஓர் அரசாங்க அலுவலகத்தில் பதிவேடு எழுதினாய். அங்கேயும் உன் கையெழுத்தைத்தான் புகழ்ந்தார்களாம்.

யாரும் தடுக்கவில்லையாம்! வந்தவளை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, கதவைச் சாத்தவில்லையே என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? கூப்பிட வேண்டும். உள்ளே உட்காரவைத்துக் கருவியைக் கையில் கொடுக்க வேண்டும். என் வகுப்புக்கு வந்த பெண்பிள்ளைகளைக் கம்பி பூட்டச் சொல்லிப் பையன்களைத்தான் எழுதவைத்தேன். ஆனால் வராதவர்களைத் தேடி ஒரு நாள்கூடப் போனதில்லை. என்னையும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

கூட்டத்தில் நடந்த மீதியையும் கேள். தலைவருக்குப் பதில் சொல்ல அந்த ஆசிரியை எழுந்தாள். உடனே அவர், “டீச்சர், நீங்க ஒக்காந்து மினிட்ஸ் எழுதுங்க. ஒங்க கையெழுத்துதான் அழகா இருக்கும்” என்றார்.

விறுவிறுவென்று போய் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். மண்டபமே என்னைப் பார்த்தது. அன்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவளிடம் சொன்னேன்.

“நீங்க பேசுங்கம்மா. நான் எழுதறேன்.”

அரை மணி நேரம் பேசினாள். வகுப்பு வைப்பதென்று முடிவாகிவிட்டது. யார் யார் வீட்டுக்குப் போய்ப் பெண்களை அழைக்க வேண்டும் என்ற பட்டியல் என் கோழிக்கிறுக்கலில் இருக்கிறது. பதினோரு வீடு. நீ எழுதிய இந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, நாளைக் காலை முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.