இரண்டு படிவங்களிலும் நான் எழுதாமல் விட்டது

அன்புள்ள மகள் தாரிணிக்கு, சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே கிளேட்டனில் நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அவளுடைய முழங்கால் வலி உனக்குத் தெரியும். மூன்று வாரம் முன்பு பக்கத்து வீட்டு ரஞ்சினி, "உந்த வலி மாத்திரையளை விடுங்கோ அக்கா, சீன மருந்துக் கடையில வேரும் பட்டையும் தருவினம், அவிச்சுக் குடியுங்கோ" என்று எங்களை அழைத்துப்போனார். அங்கிருந்த வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று எழுத ஒரு படிவமும் தந்தார். இதய வால்வுக்காக, இரத்தம் உறையாமலிருக்க அவள் தினமும் போடும் மாத்திரையை எழுதப்போனேன். "அதை எழுதினா இவர் மருந்து தரமாட்டார், விடுங்க" என்றாள் அம்மா. விட்டுவிட்டேன். போன வாரம் நம் டாக்டர், இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்திருக்கிறது, புதிதாக ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டு அவரும் ஒரு படிவம் தந்தார். கஷாயத்தை நம் வீட்டில் எப்போது மருந்துக் கணக்கில் வைத்தோம், ரசம் மாதிரிதானே குடிக்கிறோம்? ஒன்றுமில்லை என்று எழுதினேன். முப்பத்திரண்டு வருடம் வேதியியல் கற்பித்தவன் நான்.

இன்று காலை அம்மா பல் துலக்கியபோது ஈறில் வந்த இரத்தம் கால் மணி நேரம் நிற்கவில்லை. எங்கும் இடித்துக்கொள்ளாமலே முன்கை கன்றிப்போயிருக்கிறது. கிளினிக்குக்கு போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நர்ஸ் திட்டவில்லை. கஷாயத்தை இப்போதே நிறுத்துங்கள், நான்கு மணிக்குள் அழைத்து வாருங்கள், அதற்குள் தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். அம்மாவோ வர மறுக்கிறாள். கஷாயத்தால் வலி குறைந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து பூஜை செய்கிறாள், அதை நான் பறிக்கிறேன் என்று கோபம். "கேஸை அணைச்சோமான்னு நாலு தரம் எழுந்து பாக்கிற ஆளு நீங்க, உங்க பயத்துக்கெல்லாம் டாக்டர்கிட்ட ஓட முடியுமா" என்கிறாள். எதற்கும் பயப்படுகிறவனின் பயத்துக்கு வீட்டில் என்ன மதிப்பு இருக்கும்? நான்தான் பெரிதாக்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம். ஆனாலும் மதியத்துக்கு வைத்திருந்த கஷாயத்தை அவளுக்குத் தெரியாமல் சிங்க்கில் கொட்டிவிட்டேன்.

இதைப் பார்த்ததும், வேலையில் இருந்தாலும் வெளியே வந்து அவளைக் கூப்பிடு. முழங்கால் பேச்சை எடுக்காதே, நீளும். கிளம்பு என்று மட்டும் சொல், நீ சொன்னால் கேட்பாள். எங்கள் நேரம் மூன்று மணி வரை பொறுப்பேன். அதற்கு மேல் அவள் என்ன திட்டினாலும் நானே ஆம்புலன்ஸை அழைத்துவிடுவேன்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். என் பயங்களை எல்லாம் சொல்லிச் சொல்லி நீயும் அம்மாவும் சிரிப்பீர்களே, இதையும் அப்படி நீங்கள் இருவரும் சேர்ந்து சிரிக்கும்படி ஆகட்டும்.

உன் அப்பா,
கௌரிசங்கர்