மூன்றாவது காய்

புதிதாகத் திறந்த பாத்திரக் கடையில் நேற்று ஒரு ஜோடிப் பித்தளைத் தாயக்கட்டையைப் பார்த்தேன். உள்ளங்கையில் தேய்த்துக் கண்ணாடிப் பெட்டி மேல் உருட்டினேன். அந்தச் சத்தத்தில் நீ வந்துவிட்டாய். "வாங்குறீங்களா ஆத்தா?" என்றான் கடைக்காரன். "இல்லேப்பா, ஒருத்தி நெனப்பு வந்துச்சு" என்று சொல்லி இறங்கி வந்தேன். நீ போய்ச் சேர்ந்த செய்தி மலையிலிருந்து வந்த அன்று எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நம் வகுப்பில் தாயம் உருட்ட உன்னை மிஞ்ச ஆளில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பாக்கியம் வீட்டுக் கூடத்தில் கட்டம் போட்டு உட்கார்ந்தால், விளக்கு வைக்கும்வரை ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டோம். எனக்குப் பாதி நாள் தாயமே விழாது. மற்றவர்களின் காய் பழமாவதை வாய் பார்த்துக்கொண்டிருப்பேன். அதிலும் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் நம் போடியில் பொழுது சீக்கிரம் விழுந்துவிடும். மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் போனால் போனதுதான். விளக்கு வைத்ததும் நான் அம்மாவோடு ஏலக்காய் ஆய உட்கார வேண்டும். உங்கப்பாவின் கமிஷன் கடையிலிருந்து வரும் மூட்டையைப் பிரித்து, காம்பு கிள்ளி, தரம் பிரித்துக் கொடுத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. எனக்குப் படிக்க இருந்த வெளிச்சம் அந்தச் சாயங்காலம் ஒன்றுதான். அதையும் தாயக்கட்டத்தில் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தவறினேன். அப்பா கோபப்படவில்லை. "எஸ்.எஸ்.எல்.சி. ஒரே தடவைதான் தாயி. தேறிட்டா மதுரைக்கு டீச்சர் டிரெயினிங் அனுப்புறேன். தவறுனா ராசிங்காபுரத்து மாமனுக்கு வாக்குக் குடுத்துருவேன்" என்றார். மாமன் தங்கமான மனுஷன்தான். ஆனால் எனக்கு ஆசை பிள்ளைகளை மேய்க்க, மாமன் வீட்டு மாடுகளை அல்ல.

மறுநாளிலிருந்து சாக்குச் சொல்ல ஆரம்பித்தேன். தலைவலி என்றேன். பாக்கியம் சுக்கை இழைத்து வந்து நெற்றியில் பூசிவிட்டு, கையோடு இழுத்துப் போனாள். அம்மா திட்டுவாள் என்றேன். எல்லாருமாகப் போய் அம்மாவிடமே உத்தரவு வாங்கி வந்தார்கள். நீதான் விழுந்து விழுந்து சிரித்தாய். "சாக்குச் சொன்னா, சாக்குக்கு மருந்து கொண்டாருவாளுக. வரலைன்னா வரலைன்னு சொல்லுடி."

அதற்கு ஒத்திகை வேறு வைத்தாய். உங்கள் கிட்டங்கியின் பின்வாசலில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தி, "வாடி, வெளையாடலாம்" என்று கூப்பிடுவாய். நான் "வரலை" என்று முனகுவேன். "ஒன்னையப் பொண்ணு பாக்கவா வந்திருக்கோம், தலையக் குனியிறே? நிமிந்து சொல்லு. ஊரு பேரே போடி, அதச் சொல்ல வரலையா ஒனக்கு?"

ஒருநாள் சொல்லியே விட்டேன். "வரலை பாக்கியம். படிக்கணும்."

"கலெக்டராகப் போறாளாக்கும்! எல்லாரும் இவளுக்குக் காய் விடுங்கடி" என்றாள் பாக்கியம். சுண்டுவிரல்கள் வரிசையாக நீண்டன. பேச்சு முறிந்தது என்று அர்த்தம்.

"நானும் வரலை" என்று நீ என் பக்கம் வந்து நின்றாய்.

நீட்டிய விரலோடு பாக்கியம் உன் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு என்னடி வந்துச்சு? பரிச்சை முடிஞ்சா வைகாசில ஒனக்குக் கல்யாணம். நீ பாஸானா என்ன, பெயிலானா என்ன?"

"எனக்குக் கணக்குப் பிடிக்கும்" என்றாய். உனக்கும் காய் விட்டார்கள்.

போடியில் காய் என்றால் ஏலக்காய். தாயக்கட்டத்தில் நகர்த்துவதும் காய். நமக்குக் கிடைத்தது மூன்றாவது காய். நான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். "பேச ஆளில்லேன்னா பொழுது மிச்சம்டி. வெரசா வா, வெளிச்சம் போறதுக்குள்ள ரெண்டு கணக்குப் போட்டுரலாம்" என்று நீ முன்னால் நடந்தாய்.

வெளிச்சம் இருக்கும்வரை கணக்கு. அப்புறம் கை காய்க்கு, வாய் சரித்திரத்துக்கு என்று என் பொழுதைப் பிரித்துக் கொடுத்தவள் நீ. நான் ஆய்ந்துகொண்டே ஒப்பித்து ஒப்பித்து, அம்மாவே எனக்கு முந்தி, "அடுத்தவன் அக்பருதானே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். பாக்கியம் வீட்டுச் சிரிப்பு தெருமுனைவரை கேட்கும் நாட்களில் எனக்குக் கால் நிலைகொள்ளாது. நீ புத்தகத்தில் விரலை வைத்து, "இங்கே பாருடி" என்பாய். பார்ப்பேன்.

பரீட்சை முடிந்தது. வைகாசியில் உன் கழுத்தில் தாலி ஏறியது. ஜீப்பில் ஏற்றி மலைமேல் இருந்த புருஷன் வீட்டு ஏலத்தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அப்புறம்தான் ரிசல்ட் வந்தது. இரண்டு பேரும் தேறியிருந்தோம். கணக்கில் நீ என்னைவிட எங்கேயோ மேலே. ஜீப் டிரைவர் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். அவர் உன் பதிலோடு இறங்கி வந்தார்: "ரொம்பச் சந்தோசப்பட்டாங்க. 'வெரசா ரயிலேறச் சொல்லுங்க, மறுபடி யாராச்சும் பிடிச்சு வைக்கிறதுக்குள்ள'ன்னு சொன்னாங்க." ஏறினேன்.

வெகுகாலம், நீ எனக்காகத்தான் விளையாட்டை விட்டாய் என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். டீச்சராகி, கரும்பலகை முன்னால் கண் மலர உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பாக்கியத்திடம் நீ சொன்னது சாக்கு இல்லை. உனக்குக் கணக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் உனக்கென்று மிஞ்சியிருந்த கொஞ்சப் பொழுதை, பிடித்த ஒன்றுக்கு நீயே எடுத்துக்கொண்டாய். 

வேலையில் இருந்த காலமெல்லாம் தகப்பன்மார் வந்து நிற்பார்கள். "கட்டிக் குடுக்கப் போற பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு டீச்சர்? பேரை அடிச்சிருங்க" என்பார்கள். உத்தியோகம், சம்பளம், குடும்பத்துக்கு உதவும் என்று அவர்களுக்குப் பிடித்த காரணங்கள் ஆயிரம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னதில்லை. "அவளுக்குப் பிடிக்குது. அடிக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லி, அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு உட்காரச் சொல்வேன்.