வரி மாறாமல்

ஜூன் 11

மயிலாடிக்கு அப்பால் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் ஆய்வு. இருபத்தெட்டு பேர். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் சேர்ந்த ஏழு மாதத்தில் இது எனக்கு ஒன்பதாவது இல்லம். முட்டை உண்டு, மெத்தை உண்டு, முதலுதவிப் பெட்டி உண்டு. எல்லாவற்றுக்கும் டிக்.

புகார்ப் பெட்டி என் தலைக்கு மேலே தொங்கியது. "இதுல யாரு எட்டிப் போடுவா?" என்றேன்.

"புகார் உள்ளவ வளந்து வந்து போடட்டும் மேடம்" என்றார் காப்பாளர் ரெஜிலா.

நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

பெட்டியை இறக்கி மாட்டச் செய்தேன். சாவி இனி என்னிடம்.

ஜூன் 25

பெட்டியில் ஒரு தாள். பெயர் இல்லை.

"குளிமுறிக் கதவுக்குக் கொண்டி இல்ல. தண்ணி லாரிக்காரங்க அந்தப் பக்கமாத்தான் வருவாங்க. ஒருத்தி குளிச்சா அவ கூட்டுக்காரி வெளிய கதவைப் பிடிச்சிட்டு நிப்பா. எனக்குக் கூட்டு இல்ல. அதனால நான் குளிக்கதில்ல."

ஐந்து வாக்கியங்கள். திரும்பத் திரும்பப் படித்தேன். முதுகலை படித்த இரண்டு வருடமும் நான் எழுத முயன்று தோற்றது இப்படிப்பட்ட வாக்கியங்களைத்தான்.

ஜூன் 26

அறிக்கை முடிந்தது. 'குழந்தைகளின் கருத்து' என்ற இடத்தில் முதலில் "குளியலறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை" என்று எழுதியிருந்தேன். அடித்தேன். கடிதத்தை வரி மாறாமல் அப்படியே எழுதினேன். அவள் குரல் மேலே போகட்டும் என்று.

அவளுக்காகவா, அந்த வாக்கியங்களுக்காகவா?

ஜூலை 9

மழை. கோப்புகள்.

ஜூலை 14

இல்லத்திலிருந்து பதில். தாழ்ப்பாள்கள் பொருத்தப்பட்டன, புகைப்படங்கள் இணைப்பு. அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான அனில்குமார் சார், "ஆய்வுன்னா இப்படி இருக்கணும் மக்கா" என்று சாயா வாங்கித் தந்தார்.

இரண்டு சாயா குடித்தேன்.

ஜூலை 17

நேரில் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் சரியாக விழுகிறது. வருகைப் பதிவில் இருபத்தேழு பேர். ஒருத்தி குறைவு: அபினா, எட்டாம் வகுப்பு, ஜூன் தொடக்கத்தில் சேர்ந்தவள்.

"அவ அம்மை வந்து கேட்டு கூட்டிட்டுப் போயிட்டாவ" என்றார் ரெஜிலா.

மாடிப்படியில் ஒரு சிறுமி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அவளுக்குத்தான் கூட்டு இல்ல."

அறிக்கையின் நகல் இல்லத்துக்கும் போகும். பதில் எழுத அவர்களுக்கு அது வேண்டும். எனக்குத் தெரியும் — இதுவரை ஒன்பது நகல்களை நானே உறையிலிட்டு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்தை மறைத்தால் போதும் என்று எப்படி நினைத்தேன்? துணையில்லாதவள் ஒருத்திதான் என்றால், அந்த வரியே அவள் பெயர்தானே.

ஜூலை 19

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோர ஊர். அபினாவின் அம்மா மரியஜான் இறால் உரிக்கும் கூடத்திலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார்.

"நான் எங்க கேட்டேன்? போன் பண்ணி, பிள்ளையக் கூட்டிட்டுப் போவச் சொன்னாவ. பேப்பர்ல ஒப்பு இடச் சொன்னாவ, இட்டேன்."

"பள்ளிக்கூடம்?"

"அடுத்த மாசம் நான் கேரளாவுக்கு உரிக்கப் போவணும். வயசுப் பிள்ளைய யாருகிட்ட விட? கூட கொண்டு போவேன். இவளும் உரிப்பா."

அபினா வாசலில் நின்றாள். "நீ எழுதினது..." என்று தொடங்கினேன்.

"பெட்டி பூட்டித்தானே இருந்திச்சு? சாவி உங்க கையிலதானே அக்கா?"

ஆமாம் என்றேன்.

"பொறவு எப்படி ரெஜிலா மேடம் அத எல்லாரு முன்னாலயும் வாசிச்சாவ?"

அடுத்த பேருந்தில் ஏறித் திரும்பிவிட்டேன்.

ஜூலை 20

"ஏன்டி சோறு இறங்கல?" — வீட்டில் உம்மா. தட்டைக் கழுவி வைத்தேன்.

ஜூலை 21

குழந்தைகள் நலக் குழுவுக்கு மனு எழுதினேன். அம்மா கேட்டு அழைத்துப் போகவில்லை, பிள்ளையை வெளியேற்றினார்கள். கடைசிப் பத்தி: கடிதத்தை அறிக்கையில் அப்படியே சேர்த்தது நான். அதனால் எழுதியவள் யார் என்று தெரிந்துவிட்டது.

அனில்குமார் சார் படித்தார். "இல்லத்து மேல எழுது, சரி. உம்மேல நீயே எதுக்கு எழுதுதே? செப்டம்பர்ல உன் ஒப்பந்த வேலையப் புதுப்பிக்கணும், மறந்திட்டியா? கடைசிப் பத்திய வெட்டு ஷஹ்லா."

வெட்டவில்லை. தைரியமா? இல்லை. வெட்டினால், அம்மாவே கேட்டதாகக் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் நிற்கும். அபினா கேரளாவுக்கு ரயிலேறுவாள்.

ஆகஸ்ட் 6

நாகர்கோவிலில் குழு அமர்வு. அபினா உள்ளே, இருபது நிமிடம். நான் வெளியே பெஞ்சில். வெளியே வந்தவள் எனக்காக நின்றாள் என்று நினைத்தேன். அம்மா செருப்புப் போடுவதற்காக நின்றிருக்கிறாள்.

ஆகஸ்ட் 8

உத்தரவு வந்தது. அபினாவுக்குக் கோட்டாறில் வேறு இல்லம், பக்கத்திலேயே பள்ளி. ரெஜிலாவிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ். குழந்தைகள் எழுதியது எதுவும் இனி நகலில் போகக்கூடாது.

நான்காவது பத்தி. புதிய இல்லத்தில் சேரச் சம்மதமா என்று கேட்டதற்குக் குழந்தை ஒரு நிபந்தனை சொன்னாள்: ஆய்வுக்கு அந்த அக்கா வரக்கூடாது. குழு ஏற்றுக்கொண்டது.

ஆகஸ்ட் 18

கோட்டாறு இல்லத்தின் கோப்பை அனில்குமார் சார் மேசையில் வைத்தேன்.

"நாளைக்குப் போறேன். பிள்ளைகிட்ட எதாவது சொல்லணுமா?"

வேண்டாம் என்றேன்.

இல்லம் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில். பேருந்து நிறுத்தத்துக்கு அதைத் தாண்டித்தான் போவேன். அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். இன்று பள்ளிவாசல் பக்கமாகச் சுற்றிப் போனேன். ஏழு நிமிடம் கூடுதல். நாளையிலிருந்து முன்னதாகக் கிளம்ப வேண்டும்.