வராந்தாவில் போட்ட பாய்

அக்கா,

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. மருத்துவச்சி போனதும் வாசலில் கார்பாலிக் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவினார்கள். அந்த நெடி என் சமையலறைக்குள் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஈப்போவுக்குக் குடிவந்து இத்தனை காலமாகியும் அந்த வாடை பட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. காரணம் உனக்குத்தான் தெரியும்.

மலாயாவையே மூழ்கடித்த பெரிய வெள்ளத்துக்கு முந்தைய வருஷம் அது. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் நீயும் நானும் அடுத்தடுத்த நிரையில் ரப்பர் மரம் சீவினோம். நீ ஆணாகப் பிறந்தவள் என்பது கூலிகள் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரிலேயே, அறுத்துப் பெண்ணாக்கும் ஒரு தாயம்மாவின் கத்திக்குப் படுத்தெழுந்து, பெண்ணாகத்தான் கப்பலேறினாய். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெண்கள் வரிசையில் நிற்பாய். கங்காணி முதலில் முறைத்தான். மற்றவர்களைவிட நீ அதிகம் பால் இறக்குகிறாய் என்று தெரிந்ததும் அவன் கண்ணுக்கும் பெண்ணாகிவிட்டாய். லயத்தில் கல்யாணமென்றால் நலங்குப் பாட்டுக்கு நீ வேண்டும். பிள்ளை வீறிட்டால் தோளில் போட்டுத் தட்ட நீ வேண்டும். "பெக்காமலே எனக்குத்தாண்டி இங்க புள்ளைங்க ஜாஸ்தி" என்று சிரிப்பாய்.

அந்தப் பழைய காயத்தின் தழும்பு உள்ளுக்குள் இறுகிக்கொண்டே வந்ததை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஒருநாள் அதுவும் நின்றது. வயிறு கல்லாகிவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் உன்னை மாட்டுவண்டியில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் இல்லாத நாளில் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் உன்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஆம்பள வார்டுலதான் எடம். முடிய வெட்டிட்டு, சேலைய அவுத்துட்டு வேட்டி கட்டச் சொல்லு. கட்டில் தாரேன்" என்றார். ஆண்களை உள்ளே சேர்த்தால் தலையை ஒட்ட வெட்டுவது அங்கே வழக்கம். நீ வலியில் வளைந்துகொண்டே கேட்டாய்: "மூத்திரம் நேத்துத்தான் நின்னுச்சி ஐயா. பொம்பளையாகி எத்தனையோ வருசம் ஆச்சி. எதுக்காக எதை விடச் சொல்றீங்க?"

பெண்கள் வார்டு வாசலுக்கு நடத்திப் போனேன். ஆயா கதவை மறித்துக்கொண்டாள். "உம்மேல குத்தமில்ல அக்கா. டிரெசர் என்னைத் தொலைச்சிருவாரு." உள்ளே பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவள் நம் லயத்துக்காரி. அவளுடைய மூத்த பிள்ளையை நீதான் வளர்த்தாய். "இங்க வேணாம், அந்தாண்ட கூட்டிட்டுப் போங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பேர் எனக்கு ஞாபகமிருக்கிறது. எழுத மனசில்லை.

இரண்டு வார்டுக்கும் நடுவே, கார்பாலிக் ஊற்றிக் கழுவிய வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். மறுநாள் டவுனிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வரும் நாள். அவர் கட்டில் கட்டிலாகப் பார்ப்பவர். கட்டிலில் இல்லாதவர் அவருக்கு நோயாளி இல்லை. டிரெசர் உனக்கு முன்னால் ஒரு சாக்குப் படுதாவைக் கட்டித் தொங்கவிட்டார். நான் விடவில்லை. படுதாவை விலக்கிக்கொண்டு டாக்டரின் காலடியில் விழுந்து, எல்லாவற்றையும் தமிழில் சொல்லி அழுதேன். அவர் டிரெசரைப் பார்த்தார். டிரெசர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டாக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பிறகு ஆயா ஒரு கிண்ணத்தில் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து கொண்டுவந்தாள். உனக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார் அந்தப் பாவி! பெரட்டில் எல்லோர் வாயிலும் ஊற்றுகிற அதே கசப்புத் தண்ணீர்.

"குடிக்கவா?" என்று என்னைக் கேட்டாய். குடித்தும் பார்த்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் கொடுத்தது மருந்தாக இருக்கலாம் என்று அப்போதும் நம்பினாயே.

மறுநாள் மத்தியானம் போய்விட்டாய். செய்தி கேட்டு லயமே திரண்டு வந்து அழுதது. வார்டுக்குள் விடாத பெண்கள்தான் உனக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள். நான் அவர்களோடு சேர்ந்து அழவில்லை. அடுத்த முறை வந்த டாக்டர் உண்மையைக் கேட்டறிந்து, ஒரு ரப்பர் குழாயை விட்டுச் சிறுநீரை வடித்திருந்தால் உயிர் பிழைத்திருக்கும் என்று சொன்னாராம். ரப்பர் குழாய், அக்கா. தினமும் எத்தனை வாளி பால் சுமந்தோம், நீயும் நானும்.

டிரெசர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உயர்ந்து போனார். நல்லபடியாக வாழ்ந்து, நல்லபடியாகச் செத்தார் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஜெபம் சொல்லும்போது, பிறர் செய்த தீமையை மன்னிக்கும் இடம் வரும். எல்லோர் குரலும் சேர்ந்து போகும். நான் வாயை மூடிக்கொள்வேன். சாமியார் ஒருநாள் கவனித்துவிட்டு, "ஏம்மா, அந்த எடத்துல மட்டும் நிறுத்திடுறீங்க?" என்றார்.

"அது எனக்கு வராது சாமி" என்றேன்.

இன்றைக்கும் வரவில்லை.